மூடி திறந்தால் கறண்டு நிற்கும்

தேத்தண்ணி வேண்டாம் ஐயா, குடித்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் மரண விசாரணை அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்க வந்தேன்.

"இறந்தவர் தாமே செய்த சோதனைப் பெட்டியைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மரணமானார். தற்செயல் விபத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் தாக்கியது சரி. மரணமும் சரி. "தாமே செய்த" என்பது மட்டும் சரியில்லை. பெட்டியைச் செய்தது நான். அந்த இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு என் பேரைப் போடுங்கள். ஸுலைஹா. முகைதீன்பாவாவின் மகள், இறந்துபோன பதியுதீன் காக்காவின் தங்கை, பௌதிகவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குப் பாவாடை கட்டிய காலத்திலிருந்தே சொல்லப்பட்டிருக்கிறது. "என்ன வேணுமெண்டாலும் கேள் மகள். வளையல் கேள், கொழும்புக்குப் போய்ப் படிக்கவும் கேள். உன்ட பேரை நாலு ஆம்புளைகளுக்கு முன்னால வைக்கச் சொல்லி மட்டும் கேட்டுப்போடாத" என்பார் உம்மா. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வளையலும் கிடைத்தது, கொழும்பும் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் சித்தியடைந்தவர்களோடு என் பேரும் பத்திரிகையில் வந்தபோது, உம்மா அந்தத் தாளை மடித்து அரிசிப் பெட்டியின் அடியில் போட்டு மேலே அரிசியைக் கொட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்றார். பத்திரமாகத்தான் இருந்தது.

இன்று காலை நான் இங்கே வரப் புறப்பட்டபோதும் வாசலை மறித்தார். "மௌத்தானவன்ட பேரையாவது விட்டு வை புள்ள" என்றார். காக்காவின் பேரில் எனக்கு ஒரு தேவையும் இல்லை. அது அவரோடேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுத வசதியாக ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் மனைவி வீட்டோடு போய்விடுவான். காக்கா சாய்ந்தமருதில் மனைவி மைமூனா மச்சியின் வீட்டில் இருந்தார். வாப்பா மௌத்தான பிறகு, கல்முனை பஸாரில் இருந்த வாப்பாவின் சைக்கிள் கடையை றேடியோக் கடையாக மாற்றினார். வீடு எனக்கு, பஸார் அவருக்கு. சமமான பங்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

காக்காவுக்கு ஒரு றேடியோவைத் திறக்கத் தெரியும். மூடவும் தெரியும். இடையில் உள்ள வேலையை நான் செய்தேன்.

மத்தியானம் சோறு தின்ன எங்கள் வீட்டுக்கு வருவார். பழுதான றேடியோவைச் சோற்றுப் பெட்டி மாதிரித் துணியால் மூடிக்கொண்டு வருவார். நான் திருத்தி வைத்திருப்பதை அதே துணியால் மூடிக்கொண்டு போவார். கேட்டால் "உம்மாட கைச்சோறு" என்பாராம். ஒருநாள் பற்றரியில் ஓடுகிற றேடியோ ஒன்று நடுரோட்டில் துணிக்குள்ளிருந்து பாடத் தொடங்கியது. அன்றைக்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாடுகிற சோற்றை நம்புவது, நான் றேடியோ திருத்துவதை நம்புவதைவிட அவர்களுக்கு லேசாக இருந்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

ஊருக்குக் கறண்டு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு ஒரு பிளக்தான். அயனுக்கும் அதுதான், றேடியோவுக்கும் அதுதான். பழுது பார்க்கத் தரும்போது பிளக்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு சாமானை மட்டும் தருவார்கள். அயனுக்கு வேண்டும் என்பார்கள். உண்மையான காரணம், கடைக்காரன் நல்ல பிளக்கை எடுத்துவிட்டு உடைந்ததை மாட்டிவிடுவான் என்ற பயம். ஆகவே கடைக்கு வருகிற எதற்கும் வால் மட்டும் இருக்கும், அதன் நுனியில் இரண்டு வெறுங்கம்பி. காக்கா அந்தக் கம்பிகளைச் சுவர்த் துளைக்குள் விட்டு, கழன்று விழாமல் தீக்குச்சியால் இறுக்குவார். கறண்டு அடித்து அவர் விழுந்ததும் உண்டு. ஒருதரம் விரல் நுனி வெந்து, பிசைந்து தின்ன முடியாமல் உம்மா ஊட்டிவிட்டார்.

அவர் செத்துப்போகக் கூடாது என்றுதான் அந்தப் பெட்டியைச் செய்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செய்தது சின்னப் பலகைப் பெட்டி. உள்ளே, வெறுங்கம்பியைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு பித்தளைக் கவ்விகள். மூடியின் அடியில் இரண்டு பித்தளைத் தகடுகள். மூடியைச் சாத்தினால்தான் தகடுகள் போய்ப் பொருந்தும், கவ்விகளுக்குக் கறண்டு வரும். மூடியைத் திறந்த கணமே இரண்டு வழியும் அறுந்துவிடும். கம்பியை மாட்டுகிறவனின் கை உள்ளே இருக்கும்வரை கறண்டு உள்ளே வர முடியாது. மறதிக்காரனையும் அவசரக்காரனையும் சேர்த்துக் காப்பாற்றுகிற பெட்டி. நல்ல வேலை ஐயா. நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்லவில்லை.

காக்கா அதைப் பஸாரில் வேடிக்கையாக்கினார். மஃரிபுத் தொழுகைக்கு ஆட்கள் பள்ளிக்குப் போகிற நேரம், பின்னேரத்தில் மட்டும் வருகிற கறண்டும் வந்திருக்கும். கடைக்குப் பின்னால் கைகால் கழுவி ஒழு எடுத்துவிட்டு, கைச்சட்டையை மடித்தபடி, பாங்கு சொல்லும்வரை நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு காட்டுவார். ஒருநாள் நானும் உம்மாவும் எதிரில் உள்ள புடவைக் கடையில் நின்று பார்த்தோம். பெரியநீலாவணைக் கனகரெத்தினம் மாஸ்டர் தன் றேடியோவை எடுக்க வந்திருந்தார். சம்மாந்துறை சாலிஹ் ஹாஜியார், நெல்லு மில் வைத்திருக்கிறவர், அவரும் நின்றார்.

"மாஸ்டர், கிட்ட வாங்க. இந்தா மூடியத் திறந்திட்டன். இப்ப இதுக்குள்ள கறண்டு இரிக்கா, இல்லையா?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? நான் இலக்கணம் படிப்பிக்கிறவன்."

"கறண்டு செத்துப்போச்சு மாஸ்டர். பாத்துக்கங்க. பிஸ்மில்லாஹ்." இரண்டு கவ்வியையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"விட்ரு தம்பி, விட்ரு. பாக்க எனக்கு நெஞ்சு இடிக்குது. ஆரப்பா இதைச் செஞ்ச?"

"ஆரு செய்யிற மாஸ்டர்? இதுதான்." காக்கா தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"வாப்பா சைக்கிளுக்குக் காத்தடிச்சாரு. மகன் கறண்டுக்கே காத்த இறக்கிப்போட்டான்" என்றார் ஹாஜியார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பகிடி. உம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் வாய் திறக்கவே இல்லை, இருந்தாலும் அழுத்தினார். அந்த வயதுக்கு அவருடைய பிடி பலமானது.

மறுநாள் சோற்றுக்கு வந்தபோது ஒன்றே ஒன்று சொன்னேன். தொட்டுக் காட்டுவதானால் ஒரு பலகையில் ஏறி நில்லுங்கள், ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நிற்க வேண்டாம் என்றேன்.

"கடைப் பலகையெல்லாம் எண்ணெய்க் கறை. ஒழு எடுத்த காலோட அதில ஏறச் சொல்றியா?" என்றார். பிறகு, "பெட்டிக்குள்ளதான் கறண்டு இல்லையே. நீதானே சொன்ன?" என்றார்.

என் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. அதை வெளியில் சொல்வதில்தான் தயக்கம்.

சில மாதம் போனது. மூடியின் இரண்டு தகடுகளில் ஒன்று கருகி உடைந்தது. மாற்றுத் தகடு கிடைக்கும்வரை ஒன்றோடு சமாளிக்கலாம் என்று, உடைந்த பக்கத்துக் கம்பியை மூடியோடு சம்பந்தமில்லாமல் நேராக இணைத்தேன். இந்த இடம் கொஞ்சம் கவனம் ஐயா. உங்களுக்காகப் பெட்டியைப் பார்த்த ஆள் இதைத்தான் தவறவிட்டார். கறண்டு இரண்டு கம்பியில் வரும். ஒன்று கடிக்கிற கம்பி, மற்றது திரும்பிப் போகிற கம்பி. ஒரு தகடு ஒரு கம்பியைத்தான் வெட்டும். கடிக்கிறதை வெட்டினால் பயமில்லை. திரும்பிப் போகிறதை வெட்டினாலும் றேடியோ நின்றுவிடும், பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் கடிக்கிற கம்பி உள்ளே விழித்துக்கொண்டே இருக்கும். எது வெட்டப்படும் என்பது, பெட்டியின் பிளக்கைச் சுவரில் எந்தப் பக்கமாகக் குத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. கடைச் சுவரில் இருப்பது இரண்டு துளை. எப்படித் திருப்பியும் குத்தலாம்.

அதனால் மருதமுனைத் தறி நூலில் ஒரு சிவப்பு இழை எடுத்து, பிளக்கின் ஒரு காலடியில் கட்டினேன். "காக்கா, நூல் கட்டின கால் மேல் துளைக்குப் போகணும். மாறினா ஆபத்து" என்றேன். "ஏன்?" என்று அவர் கேட்கவில்லை. சரியாக அப்படியே செய்தார், அதில் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நூல் என்ன என்று பஸாரில் கேட்டிருக்கிறார்கள். கடற்கரைப் பள்ளித் தர்ஹாவில் அவுலியா பேரில் ஓதிக் கட்டிய நூல் என்றிருக்கிறார். கனகரெத்தினம் மாஸ்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, அதே மாதிரி ஒரு நூல் தங்களுடைய றேடியோவுக்கும் ஓதி வாங்கித் தர முடியுமா என்று உம்மாவைக் கேட்டார். உம்மா ஓம் என்று தலையாட்டினார்.

நான் படித்த பௌதிகத்துக்கு ஊரில் ஓர் அவுலியாவின் பேர் கிடைத்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவுலியா ஆனாலும் ஆண்தானே.

அதன் பிறகு, அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெரிய அதிகாரியை ஹாஜியார் கூட்டி வரப்போகிறார் என்று காக்கா பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தார். வார்னிஷ் பூசித் தரச் சொன்னார். மூடியின் மேல் "பதியுதீன், கல்முனை" என்று எழுதச் சொன்னார்.

"எழுத்து உனக்குத்தானே வடிவா வரும்" என்றார்.

அப்போதுதான் நான் கேட்டேன். என் வாழ்நாளில் அதுவரை கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"மேல உங்கட பேரை எழுதுறன் காக்கா. மூடிக்கு உள்பக்கத்தில என்ட பேரைச் சின்னதா எழுதட்டா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மூடியத் திறந்துதானே காட்டுறன் புள்ள. எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியட்டுமே. நான்தானே செஞ்ச."

"உனக்கு விசரா? நாளைக்கு ஒருத்தன் உன்னப் பொண்ணு கேட்டு வரக்குள்ள, பஸாரில கறண்டுப் பெட்டி செய்யிறவளெண்டா நான் சொல்ற?"

"ஓம். அப்படிச் சொல்லிப் பாருங்களன். வாறவனும் றேடியோவோட வருவான்."

"பாருங்க உம்மா இவளை. படிக்க வெச்சதுக்கு வாயைப் பாருங்க." பிறகு கொஞ்சம் இரங்கிய குரலில், "செஞ்சது ஆரெண்டா என்னகா? வேலை நடக்குதுதானே?" என்றார்.

உம்மா குசினியிலிருந்து வரவில்லை. "சொல்லியிரிக்கன் மகள், அதைக் கேக்கப்படாதெண்டு" என்ற குரல் மட்டும் வந்தது.

நான் மேலும் வாதாடவில்லை. அன்று பின்னேரம் வார்னிஷ் பூசினேன். காய்ந்த பிறகு அவருடைய பேரை எழுதினேன். "பதியுதீன்" என்பதில் சுழிகளெல்லாம் நன்றாக வந்திருக்கின்றன, நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பேரை வைத்துத்தான் பெட்டி அவருடையது என்று முடிவு செய்தீர்கள். எழுத்து என்னுடையது.

பிறகு பிளக்கை எடுத்து, சிவப்பு நூலை அவிழ்த்து, மற்றக் காலில் கட்டினேன்.

நான் யோசித்துப் பார்த்தேன் ஐயா. ஒரு பெட்டியைச் செய்தவனுக்கு, அதன் மூடியில் இரண்டு தகடு இருக்க வேண்டும், இப்போது ஒன்றுதான் இருக்கிறது என்பது தெரியும். நூல் எதற்கு என்பது தெரியும். தொடுவதற்கு முன் சோதனை விளக்கை ஒருதரம் வைத்துப் பார்ப்பான். விளக்கும் நான் செய்து கொடுத்ததுதான், மேசையில்தான் இருந்தது. காக்கா செய்தவர் என்றால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செய்தது நான் என்று ஒரே ஒருதரம் சொல்லியிருந்தாலும் ஆகியிருக்காது, நானே போய் நூலை மாற்றியிருப்பேன். இரண்டில் எது உண்மையானாலும் அவர் பிழைத்திருப்பார். நான் அவருடைய பேச்சை அப்படியே ஏற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

செத்துப்போவார் என்று தெரியுமா என்று கேட்பீர்கள். ஒழு எடுத்த ஈரக்கால், சீமெந்துத் தரை, கவ்வியைப் பிடித்த கை. பல்கலைக்கழகத்தில் இதைவிடக் கடினமான கணக்குகள் தந்திருக்கிறார்கள்.

அதிகாரி வந்த நாள் பின்னேரம் புடவைக் கடையில் நான் தனியாக நின்றேன். அதிகாரி கதிரையில் இருந்தார். காக்கா நூல் கட்டிய காலை மேல் துளைக்குள் வைத்து அழுத்தினார். றேடியோ பாடியது. மூடியைத் திறந்தார், நின்றது. பிஸ்மில்லாஹ் சொன்னார். பிடித்தார்.

கையை எடுக்கவில்லை. எடுக்க முடியாது, கறண்டு அப்படித்தான், தசை தானாக இறுகிவிடும்.

"இன்னும் புடிச்சிட்டு நிக்கான் பாருங்க துரை, என்ன நெஞ்சுரம்" என்றார் சாலிஹ் ஹாஜியார். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அதிகாரியும் தட்டினார். காக்காவின் வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் றோட்டைக் கடந்தேன். நடுவில் ஒரு மாட்டு வண்டி வந்தது, அதற்கு வழி விட்டேன். பிறகு கடைக்குள் போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். முன்வாசலால் அந்தக் கடைக்குள் நான் நுழைந்தது அன்றுதான். வாப்பாவின் காலத்திலும் நுழைந்ததில்லை. கீழே கிடந்தவரைத் தூக்க எல்லாரும் குனிந்திருந்தபோது மேசையைப் பார்த்தேன். கருவிகளை ஒழுங்கில்லாமல் போட்டு வைத்திருந்தார்.

நூலை நான் திருப்பிக் கட்டவில்லை. பெட்டி உங்கள் அலுமாரிக்குள்தான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். நேரம் இருந்தது, கட்டியிருக்கலாம். ஆனால் திருப்பிக் கட்டினால், என்ன நடந்தது என்று இந்த ஊரில் ஒருவனுக்கும் விளங்காது. பழைய வயரின் பழுது என்பீர்கள். அப்படித்தான் சொன்னீர்கள் என்பது வேறு விசயம்.

பேனையை மூடிவிட்டீர்களே.

உங்களுக்கும் மூன்று பெண்பிள்ளைகள், எங்கள் உம்மாவை நெடுநாளாகத் தெரியும், எல்லாம் விளங்குகிறது. "துக்கத்தில தலை குழம்பிக் கதைக்கிறீங்க தங்கச்சி. வீட்டுக்குப் போங்க. இதில உங்கட பேர் வராம நான் பாத்துக்கொள்றன்" என்கிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள். காக்காவும் நல்ல மனசோடுதான் சொன்னார். என்னைக் காப்பாற்ற நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் என் பேரைத்தான் எடுத்து ஒளித்து வைக்கிறீர்கள்.

எனக்குப் பேராசை கிடையாது ஐயா. ஓர் உண்மை பிழையாக எழுதப்பட்டிருக்கிறது, அதைத் திருத்த வேண்டும். படித்தவர்கள் செய்ய வேண்டிய காரியம் அது.

சரி. நீங்கள் எழுத மாட்டீர்கள் என்று வரும்போதே நினைத்தேன். அதனால்தான் பொலிஸ் ஸ்ரேசனுக்கும் இதே உடுப்போடு போகலாம் என்று நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். தற்செயல் விபத்து என்றால் செய்தவளின் பேர் தேவையில்லை. கொலை என்றால் அவர்களுக்கு வேறு வழியில்லை, முழுப் பேரையும் எழுதித்தான் ஆக வேண்டும். வழக்கு மட்டக்களப்புக்குப் போகும், கொழும்புப் பத்திரிகைகளில் வரும். பட்டத்தையும் சேர்த்துப் போடச் சொல்வேன்.

எழும்ப வேண்டாம், நான் போகிறேன். இல்லை, உம்மாவுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம், அவர் வந்து மறிப்பதற்குள் நான் உள்ளே போய்விடுவேன். முதலில் பெட்டியைப் பற்றி விளக்கமாகச் சொல்வேன், இரண்டு தகட்டோடு அது எப்படி வேலை செய்தது என்பதிலிருந்து. காக்காவைப் பற்றி, அவர்கள் கேட்டால் சொல்கிறேன்.